பள்ளத்தில் எத்தனை தவளை

தவளை என்றால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என்னைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டு வருடமாகத் தவளைகளின் பிறப்பையும் வளர்ச்சியையும் சாவையும் சமன்பாடுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். அது திரும்பி என்னைப் பார்த்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். "உங்கக்கா தவளையில டாக்டர் பட்டம் வாங்கினவங்களாமே, கதவைத் தாண்டவே மாட்டேங்கறாங்க" என்று வேலைக்காரர்கள் என் தம்பியிடம் கேட்பார்கள். "அக்காவோட தவளை கம்ப்யூட்டர்ல இருக்கு. அது மேல குதிக்காது, அதான்" என்பான் அவன்.

நாங்கள் வேலை பார்க்கும் கட்டடம் முன்பு கூரை போட்ட நீச்சல் குளம். குளத்தை மூடித் தளம் போட்டு, அழியப்போகும் தவளை இனங்களை வளர்க்கும் மையமாக்கிவிட்டார்கள். "ஓடாதீர்கள், தரை வழுக்கும்" என்ற பலகையை மட்டும் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. பெண்கள் உடை மாற்றிய அறைதான் இப்போது தம்பியின் தவளை அறை. துண்டு கொடுத்த சின்ன அறை எனக்குக் கிடைத்தது. அதன் ஜன்னல் திட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் எல்லோரும் என்னிடம் பேசுவார்கள், நான் இன்னும் துண்டு கொடுத்துக்கொண்டிருப்பதுபோல. டிக்கெட் விற்ற அறையில் இயக்குநர் அம்மா இருக்கிறார்.

தம்பி கால்நடை மருத்துவன். ஒழுங்காக நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, வற்றிக்கொண்டிருந்த ஓர் ஓடையிலிருந்து ஒரு பிடி முட்டையை வாளியில் தூக்கிக்கொண்டு வந்து இங்கே சேர்ந்தான். அந்த முட்டையிலிருந்து பெருகியதுதான் அந்த அறை முழுவதும். முதுகுப் புள்ளியைப் பார்த்தே எந்தத் தவளை என்று சொல்லிவிடுவான். "வீட்டுல இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டார் அண்ணி, தவளை மாதிரி கத்தினாத்தான் திரும்புவார்" என்று அவன் மனைவி என்னிடம் அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்த அறையில்தான் நோய் வந்தது. தோலில் பிடிக்கும் ஒரு பூஞ்சை. தவளை தோலால்தான் தண்ணீர் குடிக்கிறது, பாதி மூச்சையும் தோலால்தான் விடுகிறது. தோல் தடித்துப்போனால் அவ்வளவுதான். சில செத்தன. பல, தம்பியின் மருந்துத் தண்ணீரில் ஊறித் தேறின. தேறிய தவளைக்குக் கொஞ்ச காலம் நோய் மறுபடி ஒட்டாது. அந்தத் தெம்பு குறைந்ததும் ஒட்டும். செத்தது போக மிச்சம் ஐம்பத்தெட்டு இருந்தன.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். நிதானமான பெண்மணி. கோபப்பட்டுப் பார்த்ததில்லை, சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை.

"பக்கத்து ரூம்கள்ல இருக்கற மூணு இனமும் உலகத்துல வேற எங்கயும் இல்ல" என்றார். "இந்த நோய் அங்க பரவிச்சுன்னா நான் யார் முகத்துலயும் முழிக்க முடியாது. உங்க தம்பி வச்சிருக்கறது மாதிரி தவளை வேற ஒரு மையத்துலயும் கொஞ்சம் இருக்கு. அதனால நீங்க எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த நோய் இதோட அடங்கிடுமா, இல்ல திரும்பி வருமா? அடங்கும்னா விட்டுடறேன். திரும்பும்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. திரும்பும் என்றால் அந்த அறையைக் காலி செய்வார்கள். ஐம்பத்தெட்டையும் மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விடுவார்கள், அவை எழுந்திருக்காது. அதைச் செய்ய வேண்டியது அங்கே மருத்துவராக இருப்பவர். அதாவது என் தம்பி.

உயிருள்ளதை எல்லாம் பெட்டிக்குள் போட்டு அம்புக்குறி இழுப்பதுதான் என் தொழில். இந்த நோய்க்கு மூன்று பெட்டி போதும்: நோய் வரக்கூடியவை, வந்தவை, தேறியவை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைச் சொல்வதுதான் சமன்பாடு. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைகளை எண்ண மாட்டோம். மொத்தக் கூட்டத்தையும் ஒன்று என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பங்காகவே எழுதுவோம். இத்தனை பங்குக்கு நோய், இத்தனை பங்கு தேறியது. அப்படி எழுதினால் ஐம்பத்தெட்டு தவளைக்கும் ஐம்பது லட்சம் மனிதர்களுக்கும் ஒரே சமன்பாடு, கச்சிதமாக இருக்கும். அந்தக் கச்சிதத்தில் எனக்குக் கர்வமே உண்டு.

போட்டுப் பார்த்தேன். நோயின் கோடு ஏறியது, இறங்கியது, பாதாளத்துக்கே போய்ப் படுத்தது. ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன். ஆனால் தேறியவற்றின் தெம்பு குறையக் குறைய, தலைப்பிரட்டைகள் வளர்ந்து தவளைகளாகிக் கூட்டத்தில் சேரச் சேர, பள்ளத்தில் கிடந்த கோடு மெல்ல எழுந்தது. நாலைந்து மாதத்தில் மறுபடி மலைபோல் ஏறி நின்றது. எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் அது எழாமல் இருக்கவில்லை.

மத்தியானம் தம்பி இரண்டு டீயோடு ஜன்னலுக்கு வந்தான். அவன் கேட்பதற்கு முன்பே சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"திரும்பி வருதுடா."

அவன் திரையை எட்டிப் பார்த்தான். பிறகு ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினான். "இது என்ன?"

"தேறின தவளைக்கு மறுபடி ஒட்டாம இருக்கற காலம்."

"அதைக் கொஞ்சம் கூட்டிப் போடேன்."

"கூட்டினா லேட்டா வரும். வராம இருக்காது."

"அப்ப இன்னும் கூட்டு."

"டேய், என்ன கேக்கறன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான். அக்கான்னு கேக்கறேன்."

"அக்கான்னு கேட்டா ஒரு கிட்னியைக் கழட்டித் தர்றேன். எண்ணை மாத்தச் சொல்லாத."

அவன் முகம் செத்துவிட்டது. "நீ ஒண்ணையாவது கையில எடுத்துப் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்ட" என்றான். "உனக்கு அது வெறும் கோடு. உன் கோடு சொல்லுதேன்னு நான் அதுங்களை ஒவ்வொண்ணா தண்ணில விடணும்."

அவன் டீயைத் திட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் செய்தது சரி. அவன் சொன்னதும் பொய் இல்லை. இரண்டும் சேர்ந்தால் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாது. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும், இரண்டு டீயையும் நானே குடித்தேன். இயக்குநருக்கு விடையை அனுப்பினேன். திங்கட்கிழமை கூட்டம் என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் மனசு கேட்கவில்லை. வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு தவளை அறைக்குப் போனேன். கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தேன். ஈரமான இலை வாசம் அடித்தது. தம்பி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தவளையாக எடுத்து, அதன் வயிற்றிலும் விரலிடுக்கிலும் பஞ்சுக் குச்சியால் தடவி, குச்சியை ஒடித்துச் சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டிருந்தான். நோய் இருக்கிறதா என்று சோதிப்பதற்கு.

"சாப்பிட்டியா?" என்றேன். எங்கள் வீட்டில் சமாதானக் கொடி அதுதான்.

"ஆச்சு" என்றான். இன்னொரு குச்சியை ஒடித்துக் குப்பியில் போட்டான். "சரி, நேத்துப் பேசினதை விடு. எனக்கு உபயோகமா ஒண்ணு சொல்லு. ஒருவேளை அந்தம்மா மனசு இறங்கி ரெண்டு மாசம் டைம் குடுத்தாங்கன்னா, நோய் உள்ளதைத் தனியா வைக்க டப்பா ரெடி பண்ணணும். உன் கோடு பள்ளத்துல கிடக்குதே, அப்ப எத்தனை தவளைக்கு நோய் இருக்கும்?"

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு என்று இருந்தது. அதை ஐம்பத்தெட்டால் மனசுக்குள் பெருக்கினேன்.

"பாயிண்ட் ஜீரோ மூணு."

"மூணா?"

"மூணு இல்லடா. ஒரு தவளையை நூறு துண்டாக்கினா அதுல மூணு துண்டு."

அவன் கையில் இருந்த தவளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப டப்பா எதுக்கு? தீப்பெட்டி போதுமே. ஒரு விரலைப் போட்டு மூடி வச்சுடறேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"கோச்சுக்காதக்கா. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்."

"இரு, இரு. பேசாத."

கோபம் எங்கே வந்தது, தலை சுற்றியது. ஒரு விரல். என் சமன்பாட்டில் அந்த ஒரு விரல் உயிரோடு இருந்தது. நூறில் மூன்று பங்கு தவளை நோயோடு பள்ளத்தில் படுத்துக் கிடந்து, காலம் பார்த்து எழுந்து, இரண்டாவது மலை முழுவதையும் அந்த விரல் நுனியிலிருந்து கட்டி எழுப்பியிருந்தது. சமன்பாட்டுக்கு அதெல்லாம் தெரியாது. சைபர் இல்லை என்றால் அதற்கு உயிர்தான், எவ்வளவு சின்னதானாலும் பெருகும். ஆனால் இந்த அறையில் ஒரு தவளைக்கு நோய் இருக்கும், இல்லை இருக்காது. நூறில் மூன்று பங்கு என்று எதற்கும் இருக்க முடியாது. கடைசி நோயாளி தேறிவிட்டால் பெட்டி காலி. காலிப் பெட்டியிலிருந்து எது எழும்?

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் சமன்பாட்டை நம்பாதே என்று நானே பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பங்காக எழுதிவிட்டால் 'ஒன்று' என்பது மொத்தக் கூட்டம். ஒற்றைத் தவளை எந்த இடத்தில் நிற்கிறது என்பது வரைபடத்தில் தெரியவே தெரியாது. கோடு அந்த இடத்தைத் தாண்டிக் கீழே போனதை நான் கவனிக்கவே இல்லை. அழகு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடினேன். "ஓடாதீர்கள்" பலகைக்கு நேர் கீழேதான் வழுக்கினேன், நல்லவேளையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தத் தடவை பங்கு கிடையாது. ஐம்பத்தெட்டு தவளை, ஒவ்வொன்றும் முழுசு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தவளைக்கும் கம்ப்யூட்டர் ஒரு பகடை உருட்டும்: இன்று ஒட்டிற்றா, இன்று நோய்ப்பெட்டியை விட்டு வெளியேறிற்றா. இப்படி ஒரு வருடத்தை ஓட்ட வேண்டும். பிறகு முதலிலிருந்து இன்னொரு வருடம். அப்படிப் பல்லாயிரம் தடவை ஓட்டினேன். பத்தில் ஒன்பது தடவை கடைசி நோயாளி யாருக்கும் ஒட்டவைக்காமல் தேறியது, கோடு தரையில் படுத்தது, எழவே இல்லை. பத்தில் ஒரு தடவை மட்டும் அது தேறுவதற்கு முன் இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டது. அப்போது நான் முதலில் வரைந்த அதே மலை எழுந்தது.

ஜன்னல் வழியாகத் தம்பியைக் கூப்பிட வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். இந்த விடை சரியாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆசைப்பட்ட விடை கிடைத்தால்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். நேரே இயக்குநரிடம் போனேன்.

அவர் முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நேத்து மத்தியானம் திரும்பி வரும்னு எழுதினீங்க."

"ஆமா மேடம். நான் போட்ட கணக்கு தப்பு."

"இன்னிக்கு வராதுங்கறீங்க."

"பத்துல ஒன்பது தடவை வராதுங்கறேன்."

"நடுவுல உங்க தம்பி வந்து பேசினாரா?"

ரத்தம் தலைக்கு ஏறியது. "பேசினான். எண்ணை மாத்தச் சொன்னான். முடியாதுன்னுட்டேன். இப்பவும் ஒரு எண்ணையும் மாத்தலை. பங்கா எழுதினதை முழுத் தவளையா எழுதியிருக்கேன், அவ்வளவுதான்."

"நான் உங்களை நம்பறேன்" என்றார். "ஆனா என் நாற்காலியில உக்காந்து பாருங்க. அக்கா கணக்குப் போட்டா, தம்பி தவளை பொழைச்சுது. நாளைக்குப் பக்கத்து ரூம்ல ஒண்ணு செத்தா, எல்லாரும் என்ன சொல்லுவாங்க?"

சண்டை போடலாம் என்று பார்த்தேன். அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

"அப்ப வேற ஒருத்தர் பாக்கட்டும். எனக்குப் பிடிக்காத ஆளா பாத்துக் குடுங்க. நானே ஆள் சொல்றேன்."

தசமப்புள்ளி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த ஒரு கணிதப் பேராசிரியர் இருக்கிறார். ஒரு தடவை நிறைந்த அரங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து, புள்ளிக்கு அப்புறம் இரண்டாவது எண் தப்பு என்று திருத்தி என் மானத்தை வாங்கியவர். அதற்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. என் தப்பைக் கண்டுபிடிப்பதில் அந்த மனிதருக்கு இருக்கிற ஆசை அவர் பெண்டாட்டிமேல்கூட இருக்காது. பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டையும் அவருக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் தம்பி ஜன்னலுக்கு வந்தான். இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

"தப்பாப் போட்டுட்டியாமே."

"ஆமா."

"நீயா?"

"ஆமாடா. சந்தோஷமா?"

"என் வாழ்க்கையில இவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்ல" என்றான். அவன் குரல் உடைந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தசமப்புள்ளி போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"பங்குல எழுதினீங்க பாருங்க, அங்கதான் விழுந்தீங்க."

"தெரியும்."

"நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அது வேற விஷயம். இப்ப எழுதினது சரி. ஆனா பத்துக்கு ஒன்பது இல்ல, எட்டுதான்."

"ஏன்?"

"எல்லாத் தவளையும் ஒரே மாதிரி தேறும்னு போட்டிருக்கீங்க. எந்த நோய்லயும் ஒண்ணு ரெண்டு இழுத்துக்கிட்டே கிடக்கும். அது கிடக்கற வரைக்கும் ஆபத்துதான். அப்பறம் இன்னொண்ணு. தலைப்பிரட்டை எல்லாம் கால் முளைச்சுக் கூட்டத்துல சேர்றதுக்கு முன்னாடி வேற தொட்டிக்கு மாத்தச் சொல்லுங்க. புதுசா மாட்டறதுக்கு ஆள் இல்லாட்டி நோய் என்ன பண்ணும்?"

எட்டு என்பதை ஒத்துக்கொள்ள வலித்தது. ஆனால் அவர் சொன்னது சரி, ஒத்துக்கொண்டேன். தலைப்பிரட்டை யோசனை எனக்கு வராமல் போனதே என்றும் வலித்தது.

திங்கட்கிழமை கூட்டத்தில் இயக்குநர் முடிவைச் சொன்னார். இரண்டாவது மலை எழும் என்று நான் சொன்ன காலம் தாண்டும்வரை அறை அப்படியே இருக்கலாம். அந்த அறையில் வேலை செய்கிறவர்கள் வேறு அறைக்குள் நுழையக் கூடாது. இப்போது நோயில் இருக்கும் நான்கைத் தவிர புதிதாக ஒன்றே ஒன்றுக்கு நோய் தெரிந்தாலும், அன்றைக்கே அறை காலி.

"பத்துல எட்டு போக மீதி ரெண்டு இருக்கே, அது நடந்துச்சுன்னா அப்பறம் பேச்சே கிடையாது" என்றார்.

"சரி" என்றான் தம்பி. "நானே பண்றேன்."

"அவன் தனியா பண்ண மாட்டான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நானும் உள்ள வருவேன். பாதியை நான் பண்றேன்."

மேஜையைச் சுற்றி எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அந்தக் கதவைத் தாண்டியதில்லை என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தம்பி என்னையே பார்த்தான், பிறகு குனிந்துகொண்டான்.

நான்கு மூன்றானது. மூன்று இரண்டானது. கடைசியாக ஒன்று மட்டும் மிஞ்சியது, தசமப்புள்ளி சொன்னாரே, இழுத்துக்கொண்டே கிடக்கும் என்று, அதே ஆள். தனி டப்பாவில் ஈரப் பாசிமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு மருந்துக்கும் நோய் காலி செய்ய மாட்டேன் என்றது. தம்பி அந்தத் தவளைக்கு வாடகைக்காரர் என்று பெயர் வைத்தான். தனி டப்பாவுக்கு வருமுன் அது வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் தீர்ந்தது கதை. என் பழைய வரைபடத்தில் அந்த நாட்களுக்கு நூறில் மூன்று பங்கு தவளை என்று இருந்தது. டப்பாவில் இருந்ததோ ஒன்று.

தினமும் காலையில் என் அறைக்குப் போகுமுன் கண்ணாடிக் கதவுக்குப் போனேன். ஆபரேஷன் நடக்கும் அறைக்கு வெளியே நிற்பதுபோல நின்றேன்.

"வாடகைக்காரர் சாப்பிட்டாரா?"

"ஒரு புழு."

"நேத்து ரெண்டு சாப்பிட்டாரே."

"அக்கா, நீ போய் வேலையைப் பாரு."

தொட்டி கழுவுகிறவர் ஒருநாள் நல்ல மனசோடுதான் சொன்னார், "அந்த ஒண்ணு போய்ச் சேந்துட்டா எல்லாருக்கும் நிம்மதிம்மா." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதரைக் கடித்துக் குதறிவிட்டேன். பிறகு என் அறைக்குப் போய் என் கணக்கைப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. தேறினாலும் செத்தாலும் நோய்ப்பெட்டியிலிருந்து வெளியே போக ஒரே அம்புதான். கணக்குக்கு இரண்டும் ஒன்று. அந்த அம்பை அழித்து, இரண்டாகப் பிரித்து வரைந்தேன். விடை ஒன்றும் மாறவில்லை, என் மனசுக்குத்தான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மறுநாள் தொட்டி கழுவுகிறவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

ஒரு வாரம் வாடகைக்காரரின் குச்சி சுத்தமாக வந்தது. தம்பி நம்பவில்லை. அடுத்த வாரமும் சுத்தம், அதற்கடுத்ததும். அதன் தோல் உரிந்து கீழே புதுத் தோல் பளபளவென்று வந்தது. பழைய தோலை அதுவே தின்றுவிட்டதாகத் தம்பி பெருமையாகச் சொன்னான். எனக்குக் குமட்டியது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. தேறிய தவளைகளின் தெம்பு குறையும் காலம் வந்தது. கோடு எழ வேண்டிய காலமும் வந்தது. சோதனைக் குச்சிகள் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும், ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. சின்னச் சத்தம் கேட்டாலும் ஜன்னலை எட்டிப் பார்ப்பேன். பத்தில் எட்டு என்று வாயால் சொல்வது சுலபம். எட்டுக்குள் இருக்கிறோமா மீதி இரண்டுக்குள் இருக்கிறோமா என்று தெரியாமல் சோறு இறங்குவது கஷ்டம்.

கடைசிச் சோதனையின் முடிவு ஒரு மத்தியானம் வந்தது. இயக்குநர் அம்மாவே தன் அறையிலிருந்து நடந்து வந்தார். நான் இங்கே வந்ததிலிருந்து முதல்முறையாக என் ஜன்னல் திட்டில் முழங்கையை ஊன்றினார்.

"ஐம்பத்தெட்டும் சுத்தம்" என்றார். "ரூம் அப்படியே இருக்கட்டும்." திரும்பினவர் நின்றார். "துண்டு இருந்தா ஒண்ணு குடுங்க. கண்ணைத் தொடைச்சுக்கணும்." அவர் வேடிக்கையாகப் பேசியும் அன்றுதான் கேட்டேன்.

தசமப்புள்ளிக்குச் செய்தி அனுப்பினேன். "எட்டுதான் சரி, ஒன்பது இல்லை" என்று பதில் வந்தது. அடுத்த நிமிடம் இன்னொன்று வந்தது: "தம்பியிடம் என் வாழ்த்தைச் சொல்லவும்."

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். கையில் டீ இல்லை. ஒரு ஜோடி கையுறை இருந்தது.

"வா" என்றான்.

"எங்க?"

"உள்ள. பாதி வேலை உன்னோடதுன்னு ஒத்துக்கிட்டல்ல?"

"டேய், அது கொல்றதுக்குடா."

"அதுக்கு மட்டும்தான் வருவியா?"

கையுறையை மாட்டினேன், அவன் சொன்னபடி தண்ணீரில் நனைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து முதலில் ஒரு காலை வைத்தேன். பிறகு இன்னொரு காலையும் வைத்தேன். முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. தம்பி ஒரு தொட்டியின் மூடியைத் தூக்கி, கைவிட்டு, பொத்தினாற்போல் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். முதுகில் மஞ்சள் புள்ளிகள், பளபளக்கும் புதுத் தோல். வாடகைக்காரர்.

குளிர்ந்திருந்தது. நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. கையுறையைத் தாண்டி அதன் தொண்டை அடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க இரண்டு கையும் ஒழியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றான் தம்பி.

"ஒண்ணு இருக்குடா" என்றேன். "முழுசா ஒண்ணு."

அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.